எஞ்சினுக்கும் ஒரு பதம் உண்டு

நம் ஊர்ப் பட்டறைகளில் வெகுகாலமாக நிலவிவரும் நம்பிக்கை ஒன்று உண்டு. தெர்மோஸ்டாட் என்பது குளிர்நாட்டுக்காரன் தன் வசதிக்காக வைத்துக்கொண்ட அடைப்பான். நம் வெயிலுக்கு அது வேண்டியதில்லை என்பதே அது. அம்பாசடரோ, பத்மினியோ, மாருதி 800ஓ, ஒருமுறை சூடேறி நின்றுவிட்டால் முதலில் கழற்றி எறியப்படுவது அந்த வால்வுதான். "எடுத்துட்டா தண்ணி பாட்டுக்கு ஓடுமுங்க" என்பார்கள். இந்த நியாயத்தைச் சற்று நின்று யோசிக்க வேண்டிய தேவை எங்களுக்கு நேர்ந்தது.

எங்கள் வீட்டில் ஓடுவது 2003ஆம் ஆண்டு மாருதி 800. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன வண்டி அது. கோத்தகிரியில் இருக்கும் அம்மாவைக் கண் சிகிச்சைக்காக மாதம் ஒருமுறை கோவைக்கு அழைத்துவந்து, திரும்பக் கொண்டுபோய் விடுவதுதான் அதன் தலையாய கடமை. பேருந்தில் மலை வளைவுகள் அவருக்கு ஒத்துக்கொள்வதில்லை. பழைய வண்டியாகவே அதை வாங்கியிருந்தோம். மார்கழிக் காலையில் மலைமீது எத்தனை நேரம் ஓட்டினாலும் வெப்பமுள் அடியிலிருந்து அசையவில்லை. பெட்ரோல் கூடுதலாகக் குடித்தது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உட்புறம் மோர்போல் வெளுத்த படலம். வால்வு இருக்கவேண்டிய கூட்டைக் கழற்றிப் பார்த்தபோது அது காலியாக இருந்தது. முன்பு எவரோ எடுத்துவிட்டிருந்தார்.

இச்சிறு பொருளின் உள்ளே இருப்பது மெழுகு. 1930களில் செர்ஜியஸ் வெர்னே உருவாக்கிய அமைப்பு இன்றும் அடிப்படையில் மாறவில்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் வால்வு மூடியிருக்கும்; நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிவரும். குறித்த வெப்பம் வந்ததும் மெழுகு உருகி விரிந்து ஊசியைத் தள்ள, வழி திறக்கும். சூடு தணிந்தால் சுருள்வில் மீண்டும் மூடும்.

நம் மொழியில் 'பதம்' என்றொரு சொல் உண்டு. பாகுக்குப் பதம், சோற்றுக்குப் பதம். குறைந்தாலும் கெட்டது, மிகுந்தாலும் கெட்டது. எஞ்சினுக்கும் அப்படியொரு பதம் இருக்கிறது. அதை எட்டாவிட்டால் எம்.பி.எஃப்.ஐ. வண்டியின் கணினி, எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்றெண்ணிப் பெட்ரோலைக் கூட்டியே கொடுக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவி ஆயிலில் கலக்கும், ஈரம் ஆவியாகாமல் தங்கும், தேய்மானம் விரையும். வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊரிலும் எஞ்சினுக்குத் தேவை அதனினும் இருமடங்குச் சூடு என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

மெக்கானிக்கை முற்றாகக் குறைசொல்லவும் முடியாது. மூடியபடியே இறுகிப்போன வால்வு எஞ்சினைக் கொதிக்க வைத்துவிடும். நடுவழியில் அதைக் கழற்றி வீடு வந்து சேர்வது சமயோசிதம். அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிடுவதுதான் பிழை.

புதியதை வாங்கப்போன கடையில், கையேட்டில் கண்டதைவிடச் சில டிகிரி குறைந்த வால்வை எடுத்துவைத்து, "இதைப் போடுங்க, வண்டி கூலா ஓடும்" என்றார்கள். பார்வைக்கு நியாயம்போல் தோன்றும். ஆனால் தெர்மோஸ்டாட் வகுப்பது கீழெல்லையை மட்டுமே. மேலெல்லையைக் காப்பவை ரேடியேட்டரும் விசிறியும் நீர்ப்பம்பும். ரேடியேட்டர் அடைத்துக்கொண்ட வண்டியில் 88க்குப் பதில் 76.5 வைத்தால், சூடேறுவது சற்றுத் தாமதமாகும், நிற்காது. ஆகவே கையேடு சொல்லும் எண்ணையே கேட்டு வாங்கினோம். எண் வால்வின்மீதே பொறிக்கப்பட்டிருக்கும். விட்டமும் உயரமும் பொருந்தவேண்டும். கார்புரேட்டர் காலத்து 800க்கும் எம்.பி.எஃப்.ஐ. 800க்கும் பாகங்கள் பல வேறுபடுவதால் சேசிஸ் எண்ணைக் காட்டிக் கேட்பதே உத்தமம். கேஸ்கட்டும் புதிதாக வேண்டும்.

பொருத்துமுன் ஒரு சோதனை உண்டு. பாத்திரத்து நீரில் வால்வை நூலில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டருடன் சூடேற்றிப் பார்ப்பது. பொறித்த எண்ணையொட்டித் திறக்கத் தொடங்கி, அதற்கு மேலும் பத்துப் பதினைந்து டிகிரியில் முழுதும் திறக்கவேண்டும். ஆனால் இதைக் கோத்தகிரி அடுக்களையில் செய்தால் ஏமாற நேரும். ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. நல்ல வால்வும் பாதி திறந்து நிற்கும். சமவெளியில் சோதிப்பதே சரி. மலையேறும் வண்டிக்கு ரேடியேட்டர் மூடி ஏன் முக்கியம் என்பதும் இங்கே விளங்கும். உள்ளழுத்தத்தைத் தக்கவைத்துக் கொதிநிலையை உயர்த்துவது அந்த மூடிதான். சூடாக இருக்கையில் அதைத் திறக்கலாகாது.

பொருத்துகையில் சுருள்வில் எஞ்சின் பக்கம் இருக்கவேண்டும். காற்று வெளியேறச் சிறு ஆடுமுள் இருந்தால் அது மேற்புறம் வரவேண்டும். கூலன்ட் நிரப்பிக் காற்றை முழுக்க வெளியேற்றவேண்டும்.

பழைய வண்டிகளைக் கொல்வது பெரும்பாலும் முதுமையன்று. சில நூறு ரூபாய்ப் பொருளைப் புறக்கணித்ததால் தேய்ந்த எஞ்சினும், கொதிப்பில் வளைந்த சிலிண்டர் ஹெட்டும் வண்டியின் விலையையே விஞ்சும் செலவைக் கொண்டுவரும். அதன்பின் அதற்குப் பழைய இரும்புக் கடைதான். எங்களுக்கோ, அந்த வண்டி நின்றால் அம்மாவின் சிகிச்சை நிற்கும். இப்போது மலைக் காலையிலும் சில நிமிடங்களில் முள் எழுந்து நடுவுக்குச் சற்றுக் கீழே நின்றுவிடுகிறது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் அடுத்தமுறை பட்டறைக்குப் போகையில், அந்தக் கூட்டுக்குள் வால்வு இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.