பெர்ம் வெட்டுகிறவர்கள்

நெடுஞ்சாலைத் துறைக் கணக்கில் அது மாநில நெடுஞ்சாலை 22. கல்லணையில் புறப்பட்டு திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, கும்பகோணம் வழியாக, பெரும்பாலும் காவிரியை விட்டு விலகாமலே பூம்புகார் வரை போகிறது. புரட்டாசிக் கடைசியில் ஒரு காலை, திருவையாற்றுக்கு மேற்கே சாலைப் பணியாளர்கள் நான்கு பேர் ஓரத்து மண்ணைக் கொத்திக்கொண்டிருந்த இடத்துக்குப் போயிருந்தேன். இரண்டு பக்கமும் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. அவர்களிடம் மண்வெட்டி, அரிவாள், கடப்பாரை, இரும்புச் சட்டி. தார் டின்னும் இல்லை, ரோலரும் இல்லை.

"ரோடு வேலைன்னா தார் காய்ச்சுவோம்னு நெனச்சு வந்திருப்பீங்க" என்று சிரித்தார் மூத்தவர்.

தார் முடிகிற இடத்துக்கும் வயல் சரிவுக்கும் நடுவே உள்ள மண் ஓரம்தான் பெர்ம். புல் முளைத்து, அதில் மண் தங்கி, அதன்மேல் மறுபடி புல் முளைத்து, இரண்டு மூன்று ஆண்டுகளில் அது தாரைவிட உயர்ந்துவிடுகிறது. அதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்டேன். மூத்தவர் பேருந்து ஒன்று போகும்வரை பொறுத்திருந்து, குடத்துத் தண்ணீரை நடுச்சாலையில் கவிழ்த்தார். தண்ணீர் ஓரத்துக்கு ஓடியது. பெர்மில் முட்டியது. வெளியே போக வழியில்லாமல் திரும்பி, தார் விளிம்பை ஒட்டியே பத்தடி ஊர்ந்து, ஒரு சின்னப் பள்ளத்தில் தேங்கியது. அந்தப் பள்ளத்தைச் சுற்றித்தான் முதலைத் தோல் மாதிரி விரிசல் விட்டிருந்தது. பிறகு, வெட்டி முடித்த இடத்துக்கு நடந்துபோய் இன்னொரு குடம் கவிழ்த்தார். தண்ணீர் நேரே பெர்மைத் தாண்டி வாய்க்காலில் விழுந்தது. "அவ்வளவுதான் சார் நம்ம வேலை" என்றார்.

ஏழு மீட்டர் அகலச் சாலையில், நடுமுதுகு ஓரத்தைவிட ஏறக்குறைய 9 சென்டிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும்; நூற்றுக்கு இரண்டரை சரிவு. பெர்முக்கு அதைவிடச் சற்றுக் கூடுதல். வண்டியில் போகிற நமக்கு இந்தச் சரிவு கண்ணில் படுவதே இல்லை. ஆனால் சாலையின் ஆயுள் அதில்தான் இருக்கிறது. தேங்கிய தண்ணீர் விரிசல் வழியே இறங்கினால் தாருக்கும் ஜல்லிக்கும் உள்ள பிடிப்பு விடும். அடியில் உள்ள கிராவல் ஊறும். மேலே லாரி ஏறும்போதெல்லாம் அந்த ஈரம் நசுங்கி, மண்ணையும் கரைத்துக்கொண்டு விரிசல் வழியாகவே வெளியே பீச்சும். அடி காலியாகிவிட்டால் மேலே உள்ள தார் எத்தனை நாள் தாங்கும்?

டெல்டாவில் சாலையை ஊறவைக்கும் தண்ணீர் முழுவதும் வானத்திலிருந்து வருவதில்லை. மேட்டூர் அணை திறந்து ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால், குறுவையும் சம்பாவும் தாளடியுமாகத் தை மாதம் வரை சாலையின் இரு பக்கமும் வயலில் தண்ணீர் நிற்கும். மண்ணோ களிமண், ஊறினால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். தாங்கிக்கொள்ளக் கல் கிடையாது. ஜல்லி புதுக்கோட்டைப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து லாரியேறி வர வேண்டும். நெல்லுக்கு வாய்த்த மண் சாலைக்கு வாய்க்கவில்லை.

கொஞ்சம் தள்ளி ஒரு பேட்ச் ஒர்க் நடந்தது. குழியில் தார்க்கலவையைக் கொட்டிக் காலால் மிதித்துவிட்டுப் போகிற வேலையைத்தான் ஊரில் பார்த்திருக்கிறேன். இங்கே முதலில் குழியைப் பெரிதாக்கினார்கள். உளியும் சுத்தியலும் வைத்து, உருண்டையாக இருந்ததைச் சதுரமாக, சுவர் செங்குத்தாக நிற்கும்படி வெட்டினார்கள். கெட்டியான அடி வரும்வரை தோண்டி, துடைப்பத்தால் தூசு போகப் பெருக்கி, அடியிலும் நான்கு சுவரிலும் தார்க்குழம்பைத் தடவினார்கள். கலவையை இரண்டு தடவையாகப் போட்டு, ஒவ்வொரு தடவையும் இடித்தார்கள். கடைசியில் பேட்ச் சாலை மட்டத்தைவிட ஒரு நூல் எழும்பியே நின்றது. "வண்டி ஓடி அமுக்கிடும். இப்பவே மட்டமா விட்டா நாளைக்குக் குழி" என்றார் சுவரை வெட்டிய அம்மா. கணவர் இறந்தபிறகு கருணை அடிப்படையில் வேலைக்கு வந்தவர். சுவரைச் செங்குத்தாக வெட்டுவதில் மூத்தவரே அவரிடம்தான் உளியைக் கொடுக்கிறார்.

உதவிப் பொறியாளரைப் பிற்பகலில் அவர் அலுவலகத்தில் சந்தித்தேன். இளம் பெண். மேசைமேல் சாலை வாரியாகப் பதிவேடுகள்: எந்த ஆண்டு கடைசியாகத் தார் போட்டது, எத்தனை வண்டி ஓடுகிறது, எங்கெங்கே விரிசல், எந்தச் சிறுபாலம் அடைத்திருக்கிறது. தமிழகத்தில் நெடுஞ்சாலைக்கென்று தனித் துறை வந்தது 1946இல். மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதர சாலை எல்லாம் அதன் பொறுப்பு. கிராமச் சாலைகளில் பெரும்பகுதி ஊராட்சி ஒன்றியங்களிடம். சாலையின் மேடுபள்ளத்தை அளக்க வண்டிக்குப் பின்னால் ஒற்றைச் சக்கரக் கருவியைக் கட்டி இழுக்கிறார்கள். சாலையின் பலத்தை அளக்கப் பெங்கெல்மேன் பீம் என்ற பழைய கருவி உண்டு. பின் அச்சில் 8,170 கிலோ ஏற்றிய லாரியை நிறுத்தி, இரட்டைச் சக்கரத்தின் இடுக்கில் நீளக் கம்பியின் நுனியை வைத்து, லாரி நகர்ந்ததும் சாலை எவ்வளவு நிமிர்கிறது என்று பார்ப்பார்கள். நிமிர்வது மில்லிமீட்டர் கணக்கில்தான். மழைக்காலம் முடிந்த கையோடு, அடிமண் நன்றாக ஊறியிருக்கும்போது அளக்க வேண்டும் என்பது விதி. கோடையில் அளந்தால் எல்லாச் சாலையும் பலசாலிதான்.

"ரொம்ப கெட்டுப்போன ரோட்டுக்குத்தான் முதல்ல பணம் கேட்கிறாங்க" என்றார் அவர். "அது நியாயம் மாதிரிதான் தெரியும். ஆனா அது முடிஞ்சுபோன ரோடு. அதைத் தோண்டிப் புதுசாப் போடுற காசுல, இப்ப விரிசல் விட ஆரம்பிச்சிருக்கிற பல ரோடைக் காப்பாத்தலாம்." உலகெங்கும் சாலைப் பராமரிப்புக் கணினித் திட்டங்கள் சுற்றிச் சுற்றிச் சொல்வதும் இதைத்தான். இன்னும் நன்றாக இருக்கிற சாலைக்குச் செலவு செய் என்று மக்களிடமோ சட்டமன்ற உறுப்பினரிடமோ சொல்லிப் பாருங்கள்! பெர்ம் வெட்டியதற்கு யாரும் நாடா வெட்டித் திறப்பு விழா நடத்தியதில்லை.

தார்மேல் தார் போட்டுக்கொண்டே போவதிலும் ஒரு வினை இருக்கிறது. சாலை உயர உயர வீடு தாழும், பெர்ம் சரியும். 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதுத் தார் போட வேண்டும் என்று உத்தரவிட்டது இதற்காகத்தான்.

உழவுக் காலமும் அறுவடைக் காலமும் வேறு கதை. சேற்றுழவுக்குப் போட்ட இரும்புச் சக்கரத்தைக் கழற்றச் சோம்பல்பட்டு, அப்படியே டிராக்டரைத் தார்ச்சாலையில் ஏற்றுகிறவர்கள் உண்டு. கத்தியால் கீறிய மாதிரி தடம் விழும். அப்புறம் அறுவடை முடிந்ததும் கொள்முதல் நிலையத்திலிருந்து 40 கிலோ மூட்டைகளை அடுக்கிய லாரிகள். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை சோதனைச் சாலைகளில் லாரிகளை ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடித்த கணக்கு ஒன்று இருக்கிறது: அச்சுச் சுமை எத்தனை மடங்கு ஆகிறதோ, சேதம் ஏறக்குறைய அதன் நான்காம் அடுக்கு மடங்கு ஆகும். சுமை ஐந்தில் ஒரு பங்கு கூடினாலே சேதம் இரட்டிப்பு. பத்து மூட்டைதானே என்று ஏற்றுகிறவருக்கு இது தெரிய நியாயமில்லை.

ஆள் விஷயத்துக்கு வருகிறேன். 1997இல் ஏறத்தாழ பத்தாயிரம் சாலைப் பணியாளர்களை எடுத்தார்கள். 2002 செப்டம்பரில் அத்தனை பேரையும் ஒரே உத்தரவில் வீட்டுக்கு அனுப்பினார்கள். திரும்ப வேலை கிடைக்க 41 மாதம் ஆயிற்று. மூத்தவர் அந்த 41 மாதமும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தாராம். அந்தக் காலத்தையும் பணிக்காலமாகச் சேர்க்க வேண்டும் என்று சங்கம் எத்தனையோ ஆர்ப்பாட்டம் நடத்தியிருக்கிறது. அன்று வந்தவர்கள் இப்போது வரிசையாக ஓய்வு பெறுகிறார்கள். இன்னொரு பக்கம், பொள்ளாச்சிக் கோட்டத்தில் முதலில் தொடங்கிய ஐந்தாண்டுப் பராமரிப்பு ஒப்பந்த முறையில், குழி விழுந்தால் ஒப்பந்ததாரர் குறித்த காலத்துக்குள் மூட வேண்டும், தவறினால் பிடித்தம். முறை மோசமில்லை. ஆனால் எந்த வாய்க்கால் எந்தக் குழாயில் நுழைந்து எந்த வயலில் ஏறுகிறது என்கிற கணக்கு ஒப்பந்தப் பத்திரத்தில் அடங்காது என்று எனக்குப் படுகிறது.

காலையில் பார்த்ததையே சொல்கிறேன். ஆறாம் எண் போட்ட 200 மீட்டர் கல்லுக்குப் பக்கத்தில், சாலையின் அடியில் போகும் குழாய் ஒன்றை யாரோ வைக்கோலும் மணல் மூட்டையும் வைத்து அடைத்திருந்தார்கள். மேல் வயலில் தண்ணீர் நிற்பதற்காக. மூத்தவர் மூட்டையில் கை வைத்ததும் வரப்பிலிருந்து ஒருவர் ஓடிவந்தார்.

"அண்ணே, நட்டு நாலு நாள்தான் ஆவுது. எடுத்தீங்கன்னா தண்ணி பூரா வடிஞ்சுடும்."

"அடைச்சா ரோடு ஊறுதேப்பா. போன வருசம் இந்த எடத்துலதானே உள்வாங்குச்சு?"

பேச்சு அரைமணி நேரம் நடந்தது. நடுவில் டீ வந்தது. கடைசியில் இரண்டு மூட்டையில் ஒன்றை எடுப்பது, மற்றது பயிர் பச்சை பிடிக்கும்வரை இருக்கட்டும், ராத்திரி பெருமழை வந்தால் அவரே வந்து உருவிவிடுவது என்று முடிவானது. மூத்தவர் அவருடைய செல்போன் எண்ணை வாங்கிக்கொண்டார்.

அவர் வரப்பில் இறங்கிப் போனபிறகு கேட்டேன், மழையில் வந்து எடுப்பாரா என்று.

"எங்க வரப்போறாரு? நான்தான் சைக்கிள எடுத்துக்கிட்டு வரணும்" என்று சொல்லிவிட்டு, மீதியிருந்த பெர்மை வெட்டப் போனார்.