எங்கே வாசித்தீர்கள், மகள்?

இளங்கலைப் பட்டத்திற்கான ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தை மேற்பார்வையாளரிடம் கையளித்த அன்று மனம் இலேசாக இருந்தது. சித்தி லெப்பை 1885இல் வெளியிட்ட 'அசன்பேயுடைய கதை' என் ஆய்வுப் பொருள். இலங்கையின் முதல் தமிழ் நாவலெனப் பலரும் கருதும் நூல் அது. சமர்ப்பிக்க ஐந்து வாரங்களே எஞ்சியிருந்தன. உம்மாவின் நோயினால் நாட்கள் பல கழிந்துபோயின. எனவே அந்த அத்தியாயத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றிடம் கேட்டுப் பெற்று, சொற்களைச் சற்றே மாற்றி எழுதியிருந்தேன்.

மேடம் இரண்டு இடங்களில் பென்சிலால் கோடிட்டிருந்தார். முதலாவது, கதாநாயகன் கண்டியில் வளர்ந்தான் என்ற வாக்கியம். கண்டி ஆசிரியரின் ஊர். கதையோ எகிப்தில் தொடங்கி பம்பாய், கல்கத்தா எனச் செல்கிறது. நாவலை வாசித்திருந்தும் அத்தவறு என் கண்ணில் படவில்லை. இரண்டாவது, ஓர் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பு.

"இதை எங்கே வாசித்தீர்கள், மகள்?"

நூலகத்தில் என்று சொல்ல நா எழுந்தது. ஆயினும், "வாசிக்கவில்லை, மேடம். செயலி தந்தது" என்றேன். அப்படியொரு கட்டுரை வெளிவரவே இல்லை என்பதைச் சஞ்சிகையின் இதழ்களைப் புரட்டிப் பின்னர் அறிந்தேன்.

அவர் கடிந்துகொள்ளவில்லை. "ஹதீஸ் அறிஞர்கள் செய்தியோடு அறிவிப்பாளர் வரிசையையும் ஆராய்ந்தார்கள். அறிவிப்பாளரிடம் நேர்மை மட்டும் போதாது, நினைவாற்றலும் பிசகாதிருக்க வேண்டும் என்றார்கள். உங்கள் அடிக்குறிப்பும் ஒரு வரிசைதான். இச்செயலி அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்துக் கோக்கிறது; அதன் சொல்லுக்கு யார் சாட்சி?" என்றார்.

செயலியை அவர் விலக்கச் சொல்லவில்லை. வரிசையை மாற்றச் சொன்னார். முதலில் மூலநூல், பிறகு என் கைக்குறிப்பு, அதன்பின் என் வரைவு. இவை முடிந்த பிறகே செயலி. என் வாதத்திற்கு என்ன மறுப்புகள் எழலாம் என்று அதனிடம் கேட்டேன். ஆங்கிலச் சுருக்கத்தின் இலக்கணத்தைச் சரிபார்த்தேன். அது சொன்ன நூற்பெயர் எதையும் கையில் எடுத்துப் பார்க்காமல் சேர்க்கவில்லை. எதற்கெல்லாம் அதைப் பயன்படுத்தினேன் என்பதை முன்னுரையில் ஒரு பத்தியாக எழுதினேன்.

அத்தியாயத்தை மீண்டும் எழுத மூன்று வாரங்கள் சென்றன. திட்டமிட்டிருந்த ஒப்பீட்டுப் பகுதியைக் கைவிட நேர்ந்தது. எதிர்பார்த்த புள்ளியும் கிடைக்கவில்லை. எனினும் வாய்மொழித் தேர்வில் கேட்கப்பட்ட ஒவ்வொரு வினாவுக்கும், எந்தப் பக்கத்தில் கண்டேன் என்று அச்சமின்றிச் சொல்ல முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

இவ்வாண்டு ஆய்வேடு எழுதும் தங்கை ஒருத்தி, "செயலியைப் பயன்படுத்தலாமா, ராத்தா?" என்று கேட்டாள். பயன்படுத்தலாம் என்றேன். ஆனால் அட்டையில் இருக்கப்போவது நம் பெயர். உள்ளே இருக்கும் ஒவ்வொரு வரியும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். மேற்பார்வையாளர் கேட்குமுன் அந்தக் கேள்வியை நம்மிடம் நாமே கேட்டுக்கொள்வது நல்லது.