நீளத்துக்குக் குறி வேண்டுமா?

இடுக்கி மாவட்டத்து ஏலமலைகளில் உள்ள சாந்தன்பாறைக்கு எழுத்தில் இரு வடிவங்கள் உண்டு. தமிழில் பெயர் ஐகாரத்தில் முடிகிறது. மலையாளத்தில் ஈற்று ஐகாரம் நீங்கி, ‘பாற’ என்று நிற்கிறது. இரண்டில் எது நீளமானது? கண்ணால் பார்ப்பவர் தயங்கமாட்டார். நிரல் தவறக்கூடும்.

யுனிகோடில் தமிழ் வடிவம் 11 குறியீட்டுப் புள்ளிகளைக் கொள்கிறது. மலையாள வடிவம், 2008இல் சில்லு எழுத்துகளுக்குக் கிடைத்த தனிப் புள்ளியைக் கொண்டு எழுதினால், 9. யுடிஎஃப்-8 முறையில் இவை ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஆகவே தமிழ்ப் பெயர் 33 பைட். மலையாளப் பெயர் 27.

சி மொழி சரத்தின் நீளத்தைக் குறியற்ற முழு எண்ணாகத் தருகிறது. நீளம் குறை எண்ணாக இருக்க இயலாது என்பதே இதன் நியாயம். நியாயம் சரியானதே. ஆனால் நீளங்களை எண்ணுவதோடு எவரும் நின்றுவிடுவதில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கவும் செய்கிறார்கள். 27இலிருந்து 33ஐக் கழித்தால் வரவேண்டியது −6. குறியற்ற 64 பிட் எண்ணில் அதற்கு இடமில்லை. விடை 18446744073709551610 ஆகிறது. ‘வேறுபாடு பூச்சியத்தைவிடப் பெரிதா?’ என்று வினவும் நிரல், மலையாளப் பெயரே நீளமானது என்று முடிவு செய்யும். அதே எண்ணை நம்பிப் படியெடுக்கும் நிரல், தனக்குரிய நினைவகத்தின் எல்லையைக் கடந்து எழுதும். பாதுகாப்புக் குறைபாடுகள் பலவற்றின் தோற்றுவாய் இதுவே.

பைத்தான் வேறு வழியைத் தேர்ந்தது. 2006இல் வெளிவந்த 2.5ஆம் பதிப்பு, நீளங்களுக்கு இயந்திரத்தின் அளவுக்கேற்ற குறியுள்ள வகையை அதன் மூல நிரலில் புகுத்தியது. அதற்கு முன், 64 பிட் இயந்திரத்திலும் சரத்தின் நீளம் 2147483647ஐத் தாண்ட இயலாதிருந்தது. குறிக்கு ஒரு பிட் கொடுத்ததால் எண்ணின் வீச்சு பாதியாகிறது. எனினும் எஞ்சும் பாதியையே நிரப்பவல்ல சரம் எதுவும் இல்லை. கோ மொழியும் குறியுள்ள எண்ணையே தருகிறது. ரஸ்ட் குறியற்ற வகையைக் காத்துக்கொண்டு, சோதனைத் தொகுப்பில் இத்தகைய கழித்தல் நேர்ந்தால் நிரலை நிறுத்திவிடுகிறது.

இருமொழிப் பெயர்த்தொகுப்புகளை ஒப்பிடும் மொழியியல் மாணவருக்கு இது அயலார் சிக்கலன்று. எழுத்தா, புள்ளியா, பைட்டா என எண்ணும் அலகை முதலில் வரையறுக்க வேண்டும். பின்னர், நீளங்களைக் கழிக்காமல் நேராக ஒப்பிட வேண்டும். கழித்தே தீரவேண்டுமெனில், கழிக்கும் முன்னரே இரண்டையும் குறியுள்ள வகைக்கு மாற்றிவிட வேண்டும். இல்லையேல் சாந்தன்பாறையின் ஓர் ஐகாரம், தரவில் எவரும் காணாத பிழையாகத் தங்கிவிடும்.