ஆயிரம் விநாடி எங்கிருந்து வந்தது?

கணினிக் கடிகாரங்களை இணையம் வழியாகச் சரிசெய்யும் என்.டி.பி. நிரலுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தன் கடிகாரத்துக்கும் சர்வர் சொல்லும் நேரத்துக்கும் 1000 விநாடிக்கு மேல் வித்தியாசம் வந்தால், திருத்தாமல் நின்றுவிடும். ஆள் வந்து பார்த்தால்தான் உண்டு. இந்த 1000 எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனேன். அதன் தரநிலை ஆவணமாக 2010இல் வெளியான ஆர்.எஃப்.சி. 5905இன் மாறிலிப் பட்டியலில், விநாடிக் கணக்கில் 0.128, 900, 1000 என்று மூன்று வரம்புகள் இருக்கின்றன. முதலாவதற்குப் பூர்வீகம் தெரிகிறது. டெலவேர் பல்கலைக்கழகத்தின் டேவிட் மில்ஸ் 1992இல் எழுதிய ஆர்.எஃப்.சி. 1305இலேயே 128 மில்லி விநாடி இருக்கிறது. இரண்டின் ஏழாம் அடுக்கு. பழைய சிறு கணினிகளின் கணக்குக்குத் தோதான எண். அதற்குள் அடங்கும் பிழையை மெல்ல நகர்த்தியே சரிக்கட்டிவிடலாம். ஆனால் 1000க்கு அங்கே எந்தக் கணக்கும் சொல்லப்படவில்லை. நகர்த்தும் உச்ச வேகம் விநாடிக்கு 500 மைக்ரோ விநாடி; அந்த வேகத்தில் 1000 விநாடியை ஈடுகட்ட 23 நாள் பிடிக்கும். வேறு பக்கமிருந்து பார்த்தால் புரிகிறது. சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரம் நாளுக்குச் சில விநாடிதான் தவறும். ஓடிக்கொண்டிருக்கும் கணினி திடீரென்று 1000 விநாடி விலகித் தெரிந்தால், சந்தேகப்பட வேண்டியது சர்வரைத்தான்.

அப்படிச் சந்தேகிக்க வேண்டிய நாள் ஒன்று வந்தது. 2012 நவம்பர் 19 அன்று அமெரிக்கக் கடற்படை வானியல் ஆய்வகத்தின் டிக், டாக் என்ற இரண்டு சர்வர்களும் சிறிது நேரம் 2000ஆம் ஆண்டு என்று சொல்லின. வரம்பு வைக்காத, விண்டோஸ் வலையமைப்புகளை நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரி அமைப்புகள் அதை நம்பிப் பன்னிரண்டு ஆண்டு பின்னால் போயின. விண்டோஸில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டு வரம்புகள் உண்டு. தனிக் கணினிக்கு 54,000 விநாடி, அதாவது 15 மணி நேரம். ஆக்டிவ் டைரக்டரியை நடத்தும் சர்வரான டொமைன் கன்ட்ரோலருக்கு 2008 பதிப்பிலிருந்து 48 மணி நேரம். அங்கே உள்நுழைவைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் அனுமதிக்கும் விலகலோ ஐந்தே நிமிடம். என்னைக் கேட்டால், 48 மணி நேரம் ரொம்பத் தாராளம்.

போர்டு பேட்டரி செத்து, கடிகாரம் வெகுதூரம் விலகிய கணினி இந்த வரம்போடு எப்படி எழும் என்று கேட்பார்கள். அதற்குத்தான் என்.டி.பி. நிரலில், தொடங்கும்போது ஒரே ஒரு முறை வரம்பைத் தாண்ட விடும் ‘-ஜி’ தெரிவு இருக்கிறது. அந்தச் சலுகையையே பிடித்துக்கொண்டு, மறுதொடக்கத்தின்போது இடையில் புகுபவர் கடிகாரத்தைத் திருப்ப முடியும் என்று 2015இல் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியது உண்மைதான். அதற்கு மருந்து வரம்பை எடுப்பதில் இல்லை. வெவ்வேறு நிறுவனங்களின் நான்கு சர்வர்களையாவது கேட்பதில் இருக்கிறது. டிக்கையும் டாக்கையும் மட்டும் கேட்டவர்களுக்கு இரண்டு சாட்சி இருந்தும் ஒரே வாய்தான். நிறுத்தி எழுப்பப்படும் மெய்நிகர்க் கணினிகளுக்கு விலக்கு தேவை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவற்றுக்காக எழுதிய, வரம்பையே நீக்கும் ‘டிங்கர் பேனிக் 0’ வரி, அமைப்புக் கோப்போடு நகலாகி எல்லாக் கணினிகளுக்கும் போய்விடுகிறது. நின்ற சேவை தானே மறுபடி தொடங்கட்டும் என்று வைத்து, கூடவே ‘-ஜி’யும் கொடுத்திருந்தால், அந்த வரி இல்லாமலேயே வரம்பு செத்துப் போகும். உங்கள் சர்வரில் அந்த வரி இருக்கிறதா, ‘-ஜி’யோடு தானியங்கி மறுதொடக்கம் இருக்கிறதா என்ற இரண்டையும் இன்றைக்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.