வெட்டத் தெரிந்தவர்கள்

அரிவாளை ஓங்குமுன் அந்த அக்கா தண்டைக் கையால் பற்றிப் பார்த்தார். கட்டைவிரல் பருமன்கூட வரவில்லை. விட்டுவிட்டு அடுத்த புதருக்கு நகர்ந்தார். நேபாளத்தின் தோலகா மாவட்டத்து மலைச்சரிவில் நான் பின்தொடர்ந்த குழுவில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் தேடியது கைக்காகிதத்துக்குப் பட்டை தரும் லோக்தா.

தாவரவியலில் இதன் பெயர் டாஃப்னே போலுவா. இமயத்தில் ஏறத்தாழ 2,000 மீட்டருக்கு மேலே, ஓக், ரோடோடென்ட்ரான் மரங்களின் நிழலில் வளர்கிற புதர்ச்செடி. மிக உயரத்தில் இலையுதிர்க்கும். தாழ்ந்த சரிவுகளில் ஆண்டு முழுவதும் பச்சை. பனிக்காலத்தில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கிறது. பூவின் மணத்துக்காகவே ஆங்கிலேயர் இதைத் தோட்டத்தில் வைத்தார்கள். 1962இல் நேபாளத்திலிருந்து போன 'கூர்க்கா' என்ற வகையின் விதையில் பிறந்த 'ஜாக்குலின் போஸ்டில்' இன்று இங்கிலாந்தில் பெயர்பெற்ற செடி. இலையுரம் கலந்த, நீர் தேங்காத மண்ணும் அரை நிழலும் போதும். ஆனால் வேரைத் தொட்டு இடம் மாற்றினால் பெரும்பாலும் பிழைக்காது.

காட்டிலும் விதி இதுவே: வேரைத் தொடாதே. தரைக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து புதுத் தளிர்கள் கிளம்பும். ஐந்து முதல் எட்டு ஆண்டுகளில் மறுபடி பட்டை உரிக்கலாம். பிடுங்கினால் அதோடு முடிந்தது.

உரித்த பட்டையின் கருந்தோலைக் கத்தியால் சுரண்டுவதுதான் நேரம் தின்னும் வேலை. நாள் முழுக்கக் குந்தியிருந்து செய்கிறார்கள். சாறு பட்டுக் கை எரிகிறது. முன்பு சாம்பல் நீரில் வேகவைத்தார்கள், இப்போது பல பட்டறைகளில் காஸ்டிக் சோடா. வெந்ததை மரச் சுத்தியலால் அடித்துக் கூழாக்கி, நீரில் மிதக்கும் சட்டத்தில் ஊற்றிக் கையால் பரப்புகிறார்கள். சட்டத்தோடே வெயிலில் சாய்த்து வைத்தால் ஒரு தாள் காய்கிறது. எத்தனை தாளோ அத்தனை சட்டம்!

செடியின் நச்சு காரணமாகப் பூச்சி இந்தத் தாளை எளிதில் அரிப்பதில்லை. சமயச் சுவடிகளும் நிலப் பத்திரங்களும் அரசு ஆவணங்களும் இதில் எழுதப்பட்டது அதனால்தான். ஆலைக் காகிதம் வந்ததும் தொழில் நலிந்தது. 1980களில் யுனிசெஃப் வாழ்த்து அட்டைகளுக்காக இதை வாங்கத் தொடங்க, பக்தபூரில் அச்சுப் பட்டறை எழுந்தது. மலைக் கிராமங்களுக்கும் வேலை திரும்பியது.

எனக்கு இதில் மிகப் பெரிய திறமையாகப் படுவது, மெலிந்த தண்டைப் பார்த்ததும் விட்டுவிடும் அந்த முடிவு. கூலி எடைக்கு என்றால், அதை விடுவது சொந்த வருமானத்தை விடுவது. காத்மாண்டுவின் தமேல் கடைகளில் லோக்தா நோட்டுப் புத்தகம் வாங்கும்போது விலையை அடித்துப் பேசாதீர்கள். அந்தக் குறைப்பு கடைசியில் விழுவது பட்டை சுமப்பவரின் கூலியில்தான். கூலி குறைந்தால் இளந்தண்டும் வெட்டுப்படும்.