அரைப்பேர் இல்லாத ஆட்டம்

ஆவணி மாதத்து வரண்ட காற்று நமுனுகுலை மலைச்சாரலில் இறங்கி வீசத் தொடங்கினால் தேயிலைக் கொழுந்து வாடும். அந்த வாட்டமே ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையிற் பெயர் தேடித்தந்த தனி மணத்தை அதற்கு ஊட்டுகின்றது. அத்தகைய காற்று வீசிய ஒரு நாளிலேயே, பதுளையை அடுத்த தோட்டமொன்றின் கரப்பந்தாட்டப் பயிற்றுநர் எழுபது வயதை அண்மித்த நிலையிற் கண்மூடினார்.

லயத்து வாசலில் வெள்ளைக் கொடிகள் அசைந்தன, தப்பு முழங்கியது. கொழும்பிலே கடைச் சிப்பந்திகளாகவும் ஆடைத் தொழிற்சாலைகளில் தையற் பெண்களாகவும் வாழ்வோர் இரவுக் கோச்சியிலும் பஸ்ஸிலும் வந்து சேர்ந்திருந்தனர். பாடை பிரட்டுக்களத்தை அடைந்ததும், எவரும் சொல்லாமலே தூக்கியவர்கள் நின்றுவிட்டனர். களத்தின் நடுவே இரண்டு கம்பங்கள் நின்றன. வலை அவிழ்க்கப்பட்டு மண்ணிற் கிடந்தது. கூட்டத்திலிருந்து பிரிந்த சிலர் களத்தினுள் இறங்கி, ஒரு காலத்தில் தாம் நின்று ஆடிய அதே இடங்களில் நின்று தலைகுனிந்தனர். நடுத்தர வயதினர் ஒருவரும் இளைஞர் ஒருவரும் ஒரே இடத்துக்கு வந்து, ஒருவரையொருவர் நோக்கிச் சிறிது விலகி நின்றனர். இரு தலைமுறைகள் அவரிடம் பயின்றன என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

தோட்டம் முழுவதும் அவரை ‘மாஸ்டர்’ என்றே அழைத்தது. ஆயின் அவர் ஆசிரியர் அல்லர். ஐந்தாம் வகுப்புடன் தோட்டப் பாடசாலையை விட்டுக் கவ்வாத்துக் கத்தியைக் கையிலெடுத்தவர். பகலெல்லாம் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிவிட்டு, மாலை நான்கரை மணிக்குப் பந்தோடு களத்துக்கு வருவார். “கவ்வாத்து வெட்டுனா செடி சாகாது தம்பி, துளிர்க்கும்” என்பது, கண்டிக்கப்பட்டு முகம் வாடிய பிள்ளைகளுக்கு அவர் வழமையாகக் கூறும் ஆறுதல்.

அவருடைய வாழ்வும் கவ்வாத்துக்குட்பட்டதுதான். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. மாஸ்டரின் குடும்பம் இந்தியாவுக்கென எழுதப்பட்டது. தமையன் குடும்பத்தைப் பதுளைப் புகையிரத நிலையத்திலிருந்து கண்ணீரோடு வழியனுப்பிய அவர், தமது முறைக்காகக் காத்திருந்தார். 1984இல் தலைமன்னார் - இராமேஸ்வரம் கப்பற் சேவை நின்றது. கையில் இந்தியக் கடவுச்சீட்டும் காலடியில் இலங்கை மண்ணுமாக, எந்த நாட்டின் சட்டையையும் அணிந்து ஆட உரிமையற்றவராக அவருடைய இளமை கழிந்தது. 2003ஆம் ஆண்டின் சட்டம் அவருக்குப் பிரசாவுரிமை வழங்கியபோது அவர் தலை நரைத்திருந்தது. அன்றும் அவர் செய்தது, கடிதத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுக் களத்துக்கு வந்ததுதான்.

கரப்பந்தாட்டம் 1916ஆம் ஆண்டிற் கொழும்பு வை.எம்.சி.ஏ. வாயிலாக இலங்கைக்கு அறிமுகமாகியது; 1991இல் நாட்டின் தேசிய விளையாட்டாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. மலைச்சரிவில் வாழ்வோர்க்கு இவ்வாட்டம் இசைந்தமைக்குக் காரணம் எளிது. உதைபந்தாட்டத்துக்கு வேண்டிய சமநிலம் தோட்டத்தில் இல்லை. பதினெட்டு மீற்றர் நீளமும் ஒன்பது மீற்றர் அகலமுங் கொண்ட கரப்பந்துக் களம் மட்டும், காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்துக்குள் அடங்கிவிடும். யூக்கலிப்டஸ் மரத்தை வெட்டி மாஸ்டர் கம்பம் நட்டார். அறுந்த வலையைச் சாக்குத் தைக்கும் நூலால் முடிந்தார். அவரிடம் நீண்ட கோல் ஒன்றிருந்தது. அதில் இரண்டு வெட்டுகள்: ஆண்களுக்கு 2.43 மீற்றர், பெண்களுக்கு 2.24 மீற்றர். ஒவ்வொரு மாலையும் அக்கோலால் வலையின் உயரத்தை அளந்த பின்னரே ஆட்டம் தொடங்கும். விரலளவு தாழ்ந்திருந்தாலும் விடமாட்டார்.

தோட்டத்தில் ஒருநாள் உழைப்புக்குப் ‘பேர்’ என்று பெயர். குறித்த நிறைக்குக் கொழுந்து பறிக்காதவருக்கு அரைப்பேரே விழும். பாய்ந்து எடுக்க வேண்டிய பந்தை நின்று பார்த்தவனை நோக்கி, “இங்க அரைப்பேர் கெடயாது தம்பி” என்பார். அச்சொல்லின் கூர்மை, மாலையில் தாய் அரைப்பேரோடு திரும்பிய வீட்டுப் பிள்ளைக்கே முழுமையாக விளங்கும்.

பெண் பிள்ளைகளுக்கு ஆட்டம் எதற்கு என்று பெரியவர்கள் முணுமுணுத்தபோது அவர் வாதாடவில்லை. கொழுந்தெடுக்கும் விரல்களின் வேகத்தைச் சுட்டி, “பந்தை எடுத்துக் குடுக்க இதைவிட நல்ல விரல் எங்கே இருக்கு?” என்று கேட்டார். முணுமுணுத்தவர்களே பின்னர் களத்தோரத்திற் பலகை போட்டு அமர்ந்து பெண்களின் ஆட்டத்தைப் பார்த்தனர்.

அவர் எதிலும் வென்றவர் என்று எழுதினால் அது பொய்யாகும். உயரப் பாய்வதில் நிகரற்ற சிறுவன் ஒருவன் அவரிடம் இருந்தான். சாதாரண தரப் பரீட்சைக்குச் சில மாதங்கள் இருக்கையில் தந்தை நோயுற, அவனைக் கொழும்புச் சாப்பாட்டுக் கடையொன்றுக்கு அனுப்ப ஏற்பாடாகியது. மாஸ்டர் லயக் காம்பராவின் வாசலில் நின்று, “பரீட்சை முடியும் மட்டுமாச்சும் விட்டு வைங்க அண்ணே” என்று கெஞ்சினார். படுத்திருந்தவர் கேட்டது ஒரேயொரு கேள்வி: “பந்து சோறு போடுமா மாஸ்டர்?”

அக்கேள்விக்கு அவரிடம் விடையில்லை. சிறுவன் மறுநாட் கோச்சியேறினான். அன்று மாலை மட்டும் மாஸ்டர் களத்துக்கு வரவில்லை.

அடுத்த வாரம் புதிய விதியொன்று பிறந்தது. பந்தைத் தொடுவதற்கு முன்னர் ஒரு மணித்தியாலம் பிள்ளைக்காம்பராவிற் புத்தகத்தோடு இருக்க வேண்டும். கற்பிக்கும் தகைமை தமக்கில்லை என்பதை அறிந்தவராகையால், உயர்தரம் படிக்கும் பிள்ளைகளைத் தேடிப்போய் அழைத்துவந்தார். தாம் வாசலில் அமர்ந்து, படிப்பு முடியும் வரை பந்தை மடியில் வைத்திருப்பார். அந்த ஒரு மணித்தியாலத்திலிருந்து ஓர் ஆசிரியை உருவானார். இருவர் பல்கலைக்கழகம் புகுந்தனர். நோயாளியின் கேள்விக்கு மாஸ்டர் காலந்தாழ்த்தி அளித்த விடை அதுவே.

அமெரிக்கரான ஹேர்ப் புரூக்ஸ் என்னும் பனிக்கட்டி ஹொக்கிப் பயிற்றுநரின் வரலாறு இங்கு நினைவுகூரத் தக்கது. 1960ஆம் ஆண்டின் ஒலிம்பிக் அணியிலிருந்து இறுதியாக நீக்கப்பட்டவர் அவர். அவரில்லாத அவ்வணி தங்கம் வென்றது. இருபது ஆண்டுகளின் பின், பெரும்பாலும் கல்லூரி வீரரைக் கொண்டு அவர் உருவாக்கிய அணி, 1980 பெப்ரவரி 22இல் லேக் பிளாசிட்டில் வலிமை மிக்க சோவியத் அணியை 4 - 3 என வீழ்த்தியது. அடுத்து பின்லாந்தையும் வென்று தங்கம் பெற்றது. 2003 ஆகஸ்டில் வீதி விபத்தில் அவர் மறைந்தார். 2005இல் அவ்வரங்கம் அவர் பெயரைப் பெற்றது. தமக்கு மறுக்கப்பட்டதைப் பிறருக்குத் தேடிக்கொடுப்பவரே நல்ல பயிற்றுநராகின்றார் போலும். பதுளை மலையில் எந்த அரங்குக்கும் மாஸ்டரின் பெயர் சூட்டப்படவில்லை. காலையிற் பிரட்டுக்கும் மாலையில் ஆட்டத்துக்கும் உரிய ஒரு மண்தரை மட்டுமே அவர் விட்டுச் சென்றது.

எட்டாம் நாட் சடங்கு முடிந்த மாலை, பிள்ளைகள் தயங்கித் தயங்கிக் களத்தோரம் கூடினர். மண்ணிற் கிடந்த வலையைத் தொட எவருக்கும் துணிவில்லை. அப்பொழுது கொழும்பிலிருந்து வந்து திரும்பாமல் நின்ற ஒருவர், மாஸ்டரின் வீட்டுக் கூரையிற் செருகியிருந்த கோலை எடுத்துக்கொண்டு வந்தார். பரீட்சை எழுதாமற் கோச்சியேறிய அந்தச் சிறுவனே, இப்போது நரைகண்ட மனிதராய் வந்திருந்தார். வலையைக் கட்டினார், கோலை நிறுத்தி அளந்தார். விரலளவு தாழ்ந்திருந்தது. அவிழ்த்து மீண்டும் கட்டினார்.

பின்னர் பந்தை எடுத்துக்கொண்டு பிள்ளைக்காம்பராவின் வாசலில் அமர்ந்தார். பிள்ளைகள் ஒன்றும் பேசாமற் புத்தகங்களை எடுத்துவர லயங்களுக்கு ஓடினர்.