நன்றாகத்தான் ஆடுகிறீர்கள்

ஆன்லைன் போக்கரில் நான் பணத்தைத் தொலைக்கவில்லை, சம்பாதித்தேன். இதைச் சொல்ல இத்தனை காலம் தயங்கியதற்கும் அதுதான் காரணம். தோற்றவர் தன் கதையைச் சொன்னால் உட்கார்ந்து கேட்க ஆள் இருக்கிறது. ஜெயித்தவன் வந்து "நான் செய்தது தப்பு" என்றால், "உன் திறமைக்குக் கிடைத்த காசுதானே?" என்று தட்டிக்கொடுத்து அனுப்பிவிடுவார்கள். என்னை நானே அப்படித்தான் பல காலம் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

தமிழ்நாடு அரசு கொண்டுவந்த ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தை 2021 ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ரம்மியும் போக்கரும் திறமை சார்ந்த ஆட்டங்கள் என்ற வாதம் வென்றது. இவற்றில் பணம் இழந்தவர்களின் தற்கொலைகளைச் சுட்டிக்காட்டித்தான் அரசு அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், 'திறமை' என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டேன். கொஞ்ச நாளிலேயே ஒரு தளத்தில் கணக்குத் தொடங்கி 5,000 ரூபாய் போட்டேன். அதற்குமேல் சம்பளத்திலிருந்து ஒரு ரூபாயும் போவதில்லை என்று முடிவெடுத்தேன். அந்த முடிவை மீறியதே இல்லை.

ஆட்டத்துக்கென்று தனியாக ஒதுக்கிய பணத்தை பேங்க்ரோல் என்பார்கள். நான் ஆடியது கையில் இரண்டு சீட்டு வைத்து ஆடும் நோ-லிமிட் ஹோல்டம், அதிலும் கேஷ் டேபிள். 1 ரூபாய், 2 ரூபாய் பிளைண்ட் (சீட்டு போடும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் தொகை) உள்ள மேசையில் உட்கார 200 ரூபாய் வேண்டும். அதாவது பெரிய பிளைண்டைப்போல் 100 மடங்கு. இதுதான் ஒரு பை-இன். கையில் 20 முதல் 30 பை-இன் இல்லாமல் எந்த மேசையிலும் உட்காரக் கூடாது என்பது பழைய ஆட்டக்காரர்கள் சொல்லிவைத்த கணக்கு. 5,000 ரூபாய் என்றால் 25 பை-இன். சரியாகப் பொருந்தியது. அடுத்த படியான 2/5 மேசைக்குப் போக 12,500 ரூபாய் சேர வேண்டும். பணம் குறைந்தால் மறுபேச்சில்லாமல் கீழே இறங்கிவிட வேண்டும். நூற்றுக்கணக்கானவர்கள் மோதும் டோர்னமென்ட் பக்கம் போகவே இல்லை. அதற்கு 100 பை-இன்கூடப் போதாது. நான்கு சீட்டு வைத்து ஆடும் ஒமாஹாவும் வேண்டாம் என்று ஒதுக்கினேன். அதில் நல்ல கைக்கும் சுமாரான கைக்கும் இடையே வித்தியாசம் குறைவு, அதனால் ஏற்ற இறக்கம் அதிகம். இதையெல்லாம் நோட்டில் எழுதி, அப்படியே கடைப்பிடித்தேன். சூதாடிக்கும் எனக்கும் உள்ள வேறுபாடு இந்த நோட்டுதான் என்று நம்பினேன்.

எனக்கு வழிகாட்டியாக இருந்தவர் கிறிஸ் ஃபெர்குசன். 2000-ஆம் ஆண்டின் உலகப் போக்கர் தொடரில் முதன்மைப் போட்டியை வென்றவர். பிறகு 2006-இல், கையில் ஒரு காசும் இல்லாமல் இலவசப் போட்டிகளில் தொடங்கி 10,000 டாலர் சேர்த்துக் காட்டுகிறேன் என்று இறங்கி, சேர்த்தும் காட்டினார். கேஷ் மேசையில் மொத்தப் பணத்தில் 5 சதவீதத்துக்கு மேல் வைக்கக் கூடாது, பெரிய டோர்னமென்டில் 2 சதவீதத்துக்கு மேல் கூடாது என்பவை அவர் வகுத்துக்கொண்ட விதிகள். அவற்றை மனப்பாடமாகச் சொல்வேன். ஆனால் அந்தக் கதைக்குப் பின்பாதி ஒன்று உண்டு. அவர் அந்தப் பணத்தைச் சேர்த்தது ஃபுல் டில்ட் போக்கர் என்ற தளத்தில். அதன் நிறுவனர்களில் அவரும் ஒருவர். 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு அந்தத் தளத்தை முடக்கிய பிறகு, உலகெங்கும் உள்ள ஆட்டக்காரர்களுக்குச் சேர வேண்டிய சுமார் 39 கோடி டாலரில் வங்கியில் இருந்தது 6 கோடி டாலர் அளவுக்குத்தான் என்பது வெளியே வந்தது. பின்பாதியையும் நான் வாசித்திருக்கிறேன். அது எனக்குச் சம்பந்தமில்லாத கதை என்று தள்ளிவிட்டேன். என் பணத்தை எப்படிக் காப்பது என்பது மட்டும்தான் எனக்குப் பாடமாக இருந்தது. எதிரே உட்கார்ந்தவரின் பணமும் பணம்தான் என்பது எந்த இடத்திலும் என் கணக்குக்குள் வரவில்லை.

எந்த மேசையில் உட்காருவது என்பதுதான் இந்தத் தொழிலின் உயிர். அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், என் தப்பு அங்கேதான் இருக்கிறது.

ஒவ்வொரு கையிலும், அதாவது ஒவ்வொரு சுற்றிலும், நடுவில் சேரும் பணத்திலிருந்து (அதுதான் பாட்) தளம் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். அதற்கு ரேக் என்று பெயர். 200 ரூபாய் சேர்ந்த பாட்டில் 5 சதவீதம் போனால் 10 ரூபாய், அதாவது சின்ன மேசையில் 5 பெரிய பிளைண்ட். ஒரு மேசையில் ஆறு பேர் உட்கார்ந்து ஆறு பேரும் சமமாக ஆடினால், நாளடைவில் ஆறு பேருமே தோற்பார்கள். ஆகவே சமமாக ஆடுபவர்களோடு ஆடி யாரும் பேங்க்ரோல் வளர்த்துவிட முடியாது. மோசமாக ஆடும் ஒருவராவது மேசையில் இருக்க வேண்டும். அவர் இழக்கும் தொகை ரேக்கையும் கட்டி, என் லாபத்தையும் தர வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் போடும் பணத்தின் மீதே 28 சதவீத ஜிஎஸ்டி வந்தது; அதே ஆண்டு ஏப்ரலிலிருந்து நிகர வெற்றியில் 30 சதவீத வரிப் பிடித்தமும் வந்திருந்தது. அதன் பிறகு அப்படிப்பட்ட ஒருவர் இன்னும் அதிகமாக இழக்க வேண்டியிருந்தது.

அவரைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. மேசைப் பட்டியலில் சராசரி பாட் எவ்வளவு, எத்தனை சதவீதம் பேர் ஃப்ளாப் (மேசையில் முதலில் திறக்கும் மூன்று சீட்டு) பார்க்கிறார்கள் என்று போட்டிருக்கும். இரண்டும் உயர்ந்திருந்தால் உள்ளே யாரோ ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ஆடுகிறார் என்று பொருள். ஆறு பேர் மேசையில் நிதானமாக ஆடுபவர் நான்கு கைக்கு ஒரு கைதான் ஆடுவார். கண்ணை மூடிக்கொண்டு ஆடுகிறவர்களோ பாதிக்கு மேற்பட்ட கைகளில் உள்ளே வருவார்கள். அப்படி ஒருவரைக் கண்டால் பெயருக்குப் பக்கத்தில் பச்சை அடையாளம் வைப்பேன். குறிப்பு எழுதுவேன்: தோற்றால் உடனே ரீலோட் செய்வார் (மறுபடி பணம் போடுவார்), மாத முதல் வாரத்தில் வருவார், நள்ளிரவுக்கு மேல் நிதானம் போய்விடும். அவருக்கு இடப்பக்க இருக்கை காலியாகும்வரை காத்திருப்பேன். ஏனென்றால் இடப்பக்கம் இருப்பவனுக்குத்தான் அவர் செய்வதைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கும் வசதி. அவர் எழுந்து போனால் நானும் எழுந்துவிடுவேன்.

மேசைத் தேர்வு என்று இதைத்தான் எல்லாரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். நானும் அதில் தேறினேன். சீட்டு ஆடுவதில் என் திறமை நடுத்தரம்தான். ஆளைத் தேர்ந்தெடுப்பதில் உண்மையிலேயே கெட்டிக்காரன். பணம் இரண்டு மடங்கானது, 2/5 மேசை போய் 5/10 மேசை வந்தது.

பச்சை அடையாளம் வைத்தவர்களில் ஒருவர் தமிழர். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து சாட்டில் பேசுவார். தோற்றால் திட்ட மாட்டார். "போச்சு ப்ரோ, நாளைக்குப் பாக்கலாம்" என்பார். அந்த நாளைக்கு அன்றைக்கே இன்னும் அரை மணி நேரத்தில் வந்துவிடும். அவருடைய இடப்பக்கம் எனக்குப் பழகிய இடமாகிப்போனது.

ஓர் இரவு அவர் என்னிடம் கேட்டார். "ப்ரோ, நீங்க மட்டும் எப்படி இவ்ளோ பொறுமையா ஆடுறீங்க? நான் எங்க தப்புப் பண்றேன்னு சொல்லுங்களேன்."

எனக்குப் பதில் தெரியும். அவருடைய ஒவ்வொரு தப்பும் என் குறிப்பில் எழுதியிருந்தது. நான் இப்படித் தட்டச்சு செய்தேன்: "நல்லாத்தான் ஆடுறீங்க ப்ரோ. லக்தான் சரியில்ல. வரும்."

இது வாய்தவறி வந்த பதில் அல்ல. போக்கர் ஆடுகிறவர்களிடையே ஒரு விதி உண்டு: மீன்தொட்டியின் கண்ணாடியைத் தட்டாதே. மோசமாக ஆடுபவர்தான் மீன். அவருடைய தப்பை எடுத்துச் சொன்னால் ஒன்று திருந்திவிடுவார், இல்லை கிளம்பிவிடுவார். இரண்டுமே நஷ்டம். ஆகவே அவர் தோற்கும்போது ஆறுதல் சொல், முட்டாள்தனமாக ஆடி ஜெயித்தால் "சூப்பர்" என்று பாராட்டு. இந்த விதியும் என் நோட்டில், பேங்க்ரோல் விதிகளுக்குக் கீழே இருந்தது.

அந்தப் பொய் எவ்வளவு சுலபமாக எடுபடும் என்பதையும் சொல்கிறேன். 100 கைக்கு 5 பெரிய பிளைண்ட் ஜெயிக்கக்கூடிய தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். 10,000 கை ஆடினால் அவருக்குச் சராசரியாக வர வேண்டியது 500 பிளைண்ட். ஆனால் அந்த அளவு ஆட்டத்தில் அதிர்ஷ்டத்தின் ஊசலாட்டமே 900 பிளைண்ட் அளவுக்கு இருக்கும். அதாவது நன்றாக ஆடுபவரே 10,000 கைக்குப் பிறகும் நஷ்டத்தில் நிற்க ஏறக்குறைய 29 சதவீத வாய்ப்பு உண்டு. இதனால்தான் பேங்க்ரோல் என்ற தற்காப்பே தேவைப்படுகிறது. இதே கணக்கு எதிர்ப்பக்கமும் வேலை செய்கிறது. மோசமாக ஆடுபவருக்கும் நல்ல வாரங்கள் வரும், அவர் தோற்கும் வாரங்களுக்கு அதிர்ஷ்டத்தைக் காரணம் சொல்ல இடம் இருக்கும். செஸ்ஸில் தோற்றவனுக்குத் தான் ஏன் தோற்றோம் என்பது பலகையைப் பார்த்தாலே விளங்கும். எதிராளியைவிடத் தான் மட்டம் என்று தெரிந்துகொண்டுதான் அடுத்த ஆட்டத்துக்கு உட்காருவான். போக்கரில் தோற்பவருக்கு அந்த உண்மை மறைந்தே இருக்கிறது. அது மறைந்திருக்கும்வரைதான் எனக்கு வருமானம். அன்று அவர் அதைத் தேடிக் கையை நீட்டினார். நான் கையைத் தட்டிவிட்டேன்.

"வயது வந்தவர், அவர் பணம், அவர் முடிவு" என்று சொல்லலாம். நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் என்ன நடக்கிறது என்று கேட்டவரிடம் பொய் சொன்ன பிறகு, அதை அவருடைய முடிவு என்று எப்படிச் சொல்வது? அதில் பாதி முடிவு என்னுடையது.

சில மாதங்கள் கழித்து அவர் வருவது நின்றது. இதைத்தான் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவருக்கு என்ன ஆயிற்றோ என்று நான் நினைக்கவில்லை. அவர் பெயரைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. வேறு தளத்துக்குப் போயிருப்பாரோ என்று அங்கேயும் ஒரு கணக்குத் தொடங்கித் தேடினேன். அவர் இல்லாத மேசையில் என் லாபம் குறைந்துவிட்டது என்பதுதான் என் கவலை. ரம்மியில் பணம் இழந்து உயிரை விட்டவர்களைப் பற்றிய செய்திகள் அப்போதும் நாளிதழ்களில் வந்துகொண்டிருந்தன. அவற்றை வாசிக்கும்போதுகூட அந்தப் பச்சைப் பெயர் என் நினைவுக்கு வந்ததில்லை.

2025 பிப்ரவரியில் தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையத்தின் விதிமுறைகள் வந்தன. நள்ளிரவு 12 முதல் காலை 5 மணிவரை பணம் வைத்து ஆடக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. எனக்கு ஆத்திரம் வந்தது. எவ்வளவு இழப்பு என்று பார்க்க என் கணக்கை மணிவாரியாகப் பிரித்துப் பார்த்தேன். லாபத்தில் பெரும்பகுதி அந்த ஐந்து மணி நேரத்திலிருந்துதான் வந்திருந்தது. பகலில், தூக்கம் கெடாதவர்களோடு ஆடிய மணி நேரங்களில் நான் ஏறக்குறைய சமமாகத்தான் நின்றிருந்தேன். நான் திறமை என்று எண்ணிக்கொண்டிருந்ததன் பெரும்பங்கு, மற்றவர்களின் தூக்கமின்மை. அந்த விதியை ஜூனில் உயர் நீதிமன்றம் உறுதிசெய்தபோது, மாநில அரசு மக்களின் படுக்கையறைக்குள் நுழைகிறது என்று நண்பர்களிடம் வாதாடினேன். கணக்கைப் பார்த்த பிறகும் வாதாடினேன்.

ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் வந்தது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டு எல்லாவற்றுக்கும் தடை. 22-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். தளங்கள் ஆட்டத்தை நிறுத்தின. மீதிப் பணத்தை வங்கிக்கு மாற்றிக்கொண்டேன். நானாக நிறுத்தவில்லை, நிறுத்த வைத்தார்கள். இதில் எனக்குச் சேர வேண்டிய பெருமை எதுவும் இல்லை.

வங்கியில் வந்த தொகையைப் பார்த்து மனைவி கேட்டாள், "இவ்வளவும் யார்கிட்ட ஜெயிச்சீங்க?" வெறும் பெயர்கள்தான், ஆள் யாரென்று தெரியாது என்றேன். அது பொய். ஒருவர் எந்தத் தேதியில் சம்பளம் வாங்குவார், எத்தனை மணிக்கு மேல் தடுமாறுவார், எத்தனை முறை தோற்றால் மொத்தத்தையும் வைத்துவிடுவார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். இத்தனையும் ஒருவரைப் பற்றி அவர் குடும்பத்துக்குக்கூடத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

அந்தப் பணத்தை யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்று தெரியவில்லை. அவர் கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும் என்னிடம் இருக்கிறது. இந்த இதழ் அவர் கையில் கிடைத்தால் வாசிக்கட்டும்.

ப்ரோ, உங்கள் லக்கில் ஒரு குறையும் இல்லை. வரும் கைகளில் பாதிக்கு மேல் ஆடினீர்கள், கால்வாசிதான் ஆடியிருக்க வேண்டும். ரெய்ஸ் செய்ய வேண்டிய இடத்தில் கால் செய்தீர்கள். தோற்ற உடனே ரீலோட் செய்தீர்கள், அந்த இரண்டாவது பை-இன்தான் ஒவ்வொரு முறையும் முதலாவதைவிட வேகமாகப் போனது. நீங்கள் வந்து உட்கார்ந்த உடனே மேசை நிரம்பியதைக் கவனித்தீர்களா? நாங்கள் எல்லாரும் உங்களுக்காகத்தான் காத்திருந்தோம். நீங்கள் கேட்ட இரவிலேயே எழுந்து போயிருக்க வேண்டும். போங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.